வடக்கே சூலம், வடக்கே குளிர்

தூக்கிய திருவடி துணை. அம்பலத்தில் ஆடும் பெருமானே, எழுதும் கையும் பாடும் தொண்டையும் உன் பொறுப்பு.

மார்கழி 11, வெள்ளி

மல்காஜ்கிரியில் பனி. ரயில் பாதையின் மறுபக்கம் தெரியவில்லை. வண்டியின் ஊதல் மட்டும். நீராடித் திருநீறணிந்து மார்கழிப் பாடல்கள் அனைத்தும் பாடினேன். மேல் தொனியிலும் பழுதில்லை.

தில்லித் தமிழன்பர் குழுவின் அழைப்பு உறுதியாயிற்று. திருவாதிரையை ஒட்டி ஐந்து மாலைகள், பாடலும் உரையும். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நாளிலும், ஓய்வுக்குப் பின்னும், செகந்தராபாத், போலாரம், இந்த மல்காஜ்கிரி. இவற்றின் கோயில் மண்டபங்களே என் எல்லை. இப்போது அங்கும் திரையில் படம் காட்டிப் பேசும் இளைஞர்களுக்கே அழைப்பு. எழுபத்தொரு வயதில் வெளியூரிலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு இது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதலாம்: போக வேண்டும். மிகவும் போக வேண்டும்.

ஆனால் எப்போது போவதாம்? புதன்கிழமை! மகன் குமரேசன் என்னைக் கேளாமலே சீட்டு எடுத்துவிட்டான். புதனன்று வடக்கே சூலம். அத்திசைப் பயணம் ஆகாது. மாதப்பூரில் கணினியின்முன் பகலெல்லாம் உட்காருபவனுக்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கக் கண் இல்லை.

"ஏல, சூலம் பாத்தியா?"

"புதன்கிழமைதாம்ப்பா கன்ஃபர்ம் ஆச்சு. மத்த நாளெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்."

"அதுக்காக?"

"ரயில்வே சைட்ல சூலத்துக்குக் கட்டம் இல்லப்பா. இருந்தா டிக் பண்ணிருப்பேன்."

மருமகள் சிரித்தாள். பேத்தியும் சிரித்தாள், எதற்கென்று அறியாமலே.

அடுத்த எரிச்சல், தில்லியின் வானிலை. குழுவின் செயலர் தொலைபேசியில்: "ஐயா, இங்க வெயில் பளிச்சுன்னு இருக்கு, ஒரு சால்வை போதும்." குமரேசனின் கணினி: இரவில் நான்கு பாகை. கோயிலில் பூக்கட்டும் அம்மையாரின் தம்பி தில்லியில் இராணுவத்தில். அவர் வழிச் செய்தி, மழை. எத்தனை தில்லிதான் இருக்கிறது? ஒன்றுக்கு மூட்டை கட்டலாம். மூன்றுக்கு எப்படிக் கட்டுவது?

மார்கழி 12, சனி

எடுத்துச் செல்வன:
வேட்டி, மேல்துண்டு, நாளுக்கொன்று.
திருநீற்றுப் பை. உருத்திராக்கம். தாளம்.
சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு. (தொண்டை!)
கம்பளிப் போர்வை. கனம். யோசிக்க.
ஸ்வெட்டர். மறுத்தாயிற்று. மனைவி உலகம்மாள் மறுபடி வைத்திருக்கிறாள். மறுபடி மறுத்தாயிற்று.

மேடையில் தைத்த துணி அணிவதில்லை. வெற்று மார்பு, திருநீறு, மேல்துண்டு. குருநாதர் வழி அது. ஒருநாளும் தவறியதில்லை. இதைச் செயலரிடம் சொன்னேன்.

"ஐயா, இங்க எல்லாரும் ஸ்வெட்டர்தான். போன வருஷம் வந்தவரு கோட்டு போட்டுக்கிட்டே பேசினாரு."

கோட்டு! கோட்டுக்குள்ளிருந்து இறைவனைப் பாடினால் அவனுக்கு எப்படிக் கேட்குமாம்?

என் தொண்டை ஒருமுறை கட்டினால் லேசில் விடாது. ஆகவே தைக்காத கம்பளி ஏதேனும் உண்டா என்று பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். வரிசை வரிசையாய்ப் பொன்னாடைகள். இத்தனை ஆண்டில் சபைதோறும் எனக்குப் போர்த்தியவை. சிவப்பு, பச்சை, ஊதா, எல்லாவற்றிலும் ஜரிகை. ஒன்றிலாவது ஓர் இழை கம்பளி? இல்லை. அத்தனையும் நைலான். உதறினால் சடசடவென்று பொறி பறக்கிறது. தமிழ் கூறும் நல்லுலகம் என்னைப் போர்த்திப் போர்த்தி மகிழ்ந்திருக்கிறது. குளிருக்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உலகம்மாள் எட்டிப் பார்த்து, "இதுகளைத் தலையணைக்கு உறையாத் தைக்கலாம்னா கேக்க மாட்டேங்கீங்க" என்றாள். மணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இவளுடைய நெல்லைப் பேச்சில் ஓர் எழுத்தும் தேயவில்லை. என்மேல் இவளுக்குள்ள மரியாதைதான் தேய்ந்தது.

மாலை செகந்தராபாத் நடைபாதைக் கடை. கம்பளி விற்பவனோடு அவள் பேரம், இந்த ஊர் இந்தியில், நெல்லை ராகத்தில்: "யே நக்கோ பையா, ஓ திகாவ்." இது வேண்டாமாம், அதைக் காட்ட வேண்டுமாம். அவன், "ஹவ் அம்மா, அஸ்லி மால்!" அசல் சரக்காம். வாங்கியது, மங்கி கேப். பழுப்பு நிறம். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே.

"காதுல காத்து போனாத்தான் தொண்டை கட்டும். இதைப் போட்டுக்கிடுங்க."

"சைவ மேடை ஏறுறவன் இதையா மாட்டுவான்?"

"மேடையில யாரு போடச் சொன்னா? வண்டியில போடுங்க. வண்டியில உங்களை யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசிச் சொல் தேவையா?

வீட்டில் பலவந்தமாகத் தலையில் மாட்டினாள். பேத்தி கைகொட்டி, "தாத்தா, பில்குல் பேங்க் சோர் லக்ரே!" வங்கித் திருடனாம். தமிழில் திட்டியிருந்தாலாவது பொறுத்திருப்பேன்.

மார்கழி 14, திங்கள்

காலை நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்தேன். ஆகாத நாளில் பயணம் நேர்ந்தால், ஆகும் நாளில் பெட்டியை வெளியேற்றி வேறொரு வீட்டில் வைப்பது. அன்றே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. புதனன்று ஆள் போவது வெறும் தொடர்ச்சி. பெரியோர் வழி எவ்வளவு நுட்பம்! கணினியில் இதற்குக் கட்டம் இருக்கிறதா?

எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண் சாரதா, அவள் கணவர் ராவ். இருவரும் மென்பொருள். கதவைத் தட்டிச் சொன்னதும் அந்தப் பெண், "பெட்டண்டி பாபாய் காரு, தீனிகி அடகாலா?" என்று தானே பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்தாள். இதையும் கேட்க வேண்டுமா என்கிறாள். சித்தப்பா என்று அழைக்கும் அயலாள். என் வீட்டிலோ கேலி.

திரும்பி வந்து அனைவர் முன்னும் சொன்னேன்: "பெட்டி கிளம்பியாச்சு. அது திரும்ப நம்ம வாசப்படி தாண்டி உள்ள வந்தா பயணம் கிடையாது. தில்லியும் இல்லை, திருவாதிரையும் இல்லை."

உலகம்மாள் முகம் சுருங்கியது. "ஏன் இப்படி வாயை விடுதீங்க?"

"சொன்னது சொன்னதுதான்."

குமரேசன், "அப்பா, டெல்லி இன்னைக்கு எய்ட் டிகிரி. ஏறிடுச்சு" என்றான். எவன் கேட்டான்?

மார்கழி 15, செவ்வாய்

செயலர் தொலைபேசி. குரலில் பதற்றம்.

"ஐயா, நேத்து ராத்திரியிலேர்ந்து குளிர் கடுமை. கனமா எடுத்துட்டு வாங்க."

"ஒரு சால்வை போதும்னீங்களே?"

"அது போன வாரக் குளிருங்க."

போன வாரக் குளிர், இந்த வாரக் குளிர்! காய்கறியா என்ன, போவன்பள்ளிச் சந்தையில் நாளுக்கு ஒரு விலை சொல்ல?

கம்பளிப் போர்வை, காலுறை, கூடுதல் துண்டு எல்லாம் பெட்டியில் சேர வேண்டும். பெட்டியோ உள்ளே வரலாகாது. ஆகவே எதிர்வீட்டுக் கூடத்தில், அவர்களுடைய தொலைக்காட்சியின் முன், நான் தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தேன். உலகம்மாள் நம் வாசலில் நின்று ஒவ்வொன்றாக நீட்ட, பேத்தி சுமந்து ஓடிவர, ஒரு படைநகர்வு.

"போர்வையை அடியில வைங்க!"

"அடியில தாளம் இருக்கு!"

"தாளத்துக்கா குளிரும்?"

ராவ் சோபாவில் சாய்ந்தபடி அறிவுரை. "சலி காது பாபாய் காரு. அசலு ப்ராப்ளம் பொகமஞ்சு." குளிர் அன்று, மூடுபனிதான் தொல்லையாம். விமானத்தில் போங்கள் என்றார். தொடர்ந்து, தாம் தில்லியில் வாழ்ந்த காலத்தை விரித்தார். இடையில் தொலைக்காட்சியில் யாரோ யாரையோ அறைந்தார்கள். அவர் மனைவி "அய்யோ" என்றாள். நான் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். என் உள்வேட்டிவரை எதிர்வீடு கண்டது. எல்லாம் புதன்கிழமைச் சீட்டு எடுத்தவனால்.

போர்வையைப் பிரித்தால் நடுவே அந்தக் குல்லா. எடுத்து வெளியே கொடுத்தேன். காலுறைக்குள் சுருட்டி மறுபடி வந்தது. மறுபடி வெளியே.

குல்லா: நீக்கம். முடிந்த முடிவு.

மார்கழி 16, புதன். வண்டியில், மாலை

ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடியுமுன் எழுந்து பூசையறையில் கதவடைத்துப் பாடினேன். பயண நாளாதலால் ஒரு பாடலும் விடாமல், முழுத் தொனியில். முடித்து வெளியே வந்தால் அடுக்களை இருட்டு. அடுப்பு பற்றவில்லை. காபி இல்லை. சூலத்துக்குப் பரிகாரமாகப் பால் அருந்திப் புறப்பட வேண்டும், பாலும் காய்ச்சவில்லை. என் வாழ்வின் முதல் நெடும்பயணம், இந்த வீட்டில் ஒருவருக்காவது நினைவிருக்கிறதா? கொதித்துப்போய், "உலகம்மா!" என்று கத்தினேன். பதில் இல்லை. வாசற்கதவு ஒருக்களித்திருந்தது.

திறந்தேன். மாடிப்படித் தளத்தில், வெறும் சிமெண்டில், சுவரோடு சாய்ந்து ஓர் உருவம். மேலே சிவப்புப் பொன்னாடை, அதன்மேல் பச்சை, அதன்மேல் ஊதா. ஜரிகை எல்லாம் விளக்கொளியில் மின்னுகிறது. தலையில் அந்தப் பழுப்புக் குல்லா. இரு கையாலும் கட்டிப் பிடித்திருந்தது என் பெட்டியை.

"என்ன கூத்து இது?"

"சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது."

எதிர்வீட்டில் பூட்டு.

"அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். பெஜவாடாவில இருந்து போன். ரெண்டுபேரும் அழுதுக்கிட்டே ஓடுதாங்க. அதுலயும் பெட்டியை மறக்காம நம்ம வாசலுக்குக் கொண்டாந்து, 'க்ஷமிஞ்சண்டி பின்னி காரு'ன்னு மன்னிப்புக் கேக்கா. நானா உள்ள வாங்குவேன்? படிக்கட்டுலயே வைன்னுட்டேன்."

"என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டா? பெட்டி திரும்பி வந்துட்டு, சகுனமே சரியில்லைன்னு உக்காந்திருவீங்க. பாடிக்கிட்டு இருந்தீங்க. பாடட்டும்னு விட்டேன்."

"குமரேசன் எங்க?"

"ராத்திரியெல்லாம் அமெரிக்காக்காரன் கூடப் பேசிட்டு இப்பத்தான் படுத்தான், பாவம்."

"கீழ்வீட்டுல கொடுத்திருக்கலாம்லா?"

"எந்த வீட்டுல வச்சா உங்களுக்கு ஆகும், எந்த வீடு ஆகாதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"சரி, பெட்டியை வச்சுட்டு நீ உள்ள வரவேண்டியதுதானே?"

"போன மாசம் இங்க விட்ட செருப்பே காணாமப் போச்சு. இதுல உங்க கம்பளி பூரா இருக்கு. இது போச்சுன்னா நீங்க எப்படிப் போவீங்க? நீங்க போணும்லா."

"போகணும்னு நான் உன்கிட்ட எப்பச் சொன்னேன்?"

"சொல்ல வேற செய்யணுமா? பத்து நாளா குளிக்கும்போது பாத்ரூமுக்குள்ள தில்லிக்காரங்களுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டுல்லா இருக்கீங்க."

பெட்டியைக் காக்க என்னை நிற்கச் சொல்லிவிட்டு, பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவி என் தோளில் போட்டுவிட்டு, பால் காய்ச்சப் போனாள். போகிற வழியில் தும்மினாள். பிறகு இன்னொன்று.

யார்மேல் சினப்பது? தாய்க்கு நெஞ்சுவலி என்று ஓடிய பெண்மேலா? தூங்கியவன்மேல் சினந்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. எழுந்து வந்தவன், "ஃபிளாட் மொத்தமும் ஒரே கட்டடம்ப்பா, பெட்டி எங்கயும் போகவே இல்லையே" என்றான். அதற்கும் சினந்தேன்.

பெட்டியைத் தளத்திலிருந்து நேரே ஆட்டோவில் ஏற்றினோம். பரஸ்தானம் பழுதுபடவில்லை. கடைசி நேரத்தில் உலகம்மாள் குல்லாவை நீட்டினாள். மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கு வேண்டாம். நீயே போட்டுக்கோ" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

மார்கழி 17, வியாழன்

ஆக்ராவுக்கு இந்தப் பக்கம் எங்கோ. வண்டி நிற்கிறது. சன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. வெள்ளை. ராவ் சொன்னது சரி. அதுவே ஓர் எரிச்சல்.

எதிர் இருக்கைக்காரர், பனியில் வண்டி தாமதமாவது புதுமையா என்கிறார். புதுமையன்று என்றால் முன்பே ஏன் ஒருவரும் சொல்லவில்லை? தேநீர் என்று விற்பது வெந்நீர். கம்பளிப் போர்வை பெட்டியின் அடியில். பெட்டி இருக்கையின் அடியில். பெட்டிக்கும் எனக்கும் இடையே அயலார் மூட்டைகள். காதில் காற்று. ஊசி போல.

துண்டைத் தலையோடு கட்டிக்கொண்டேன். போதவில்லை. எது போதும் என்று எழுதப் போவதில்லை.

சுக்கு, சித்தரத்தை மென்றபடி. தொண்டை நலம்.

மார்கழி 19, சனி. தில்லி

பகலில் வெயில் சுள்ளென்று. மாலையில் எலும்பில் குளிர். ஒரே நாளில் இரண்டும். அப்படியானால் செயலரும், கணினியும், ஆளுக்கொரு தில்லி சொன்ன அனைவரும் சரியாம்! மழைதான் பாக்கி.

நிகழ்ச்சி திறந்தவெளிப் பந்தலில். துணிச்சுவர். கேட்போர் அனைவரும் கம்பளி மூட்டைகள்; கண்கள் மட்டும் தெரிந்தன. எத்தனை பேர் தூங்கினர் என்று கணிக்க வழியில்லை. நான் வெற்று மார்பில். முதல் பாடலில் தாடை நடுங்கியது, இரண்டாவதில் நின்றது. குரல் எழும்பியது. முன்வரிசை அம்மையார் ஒருவர் கண் துடைத்தார், குளிராகவும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்து மங்கலம் பாடிய பிறகு தலைவர் பொன்னாடை போர்த்தினார். தொட்டதும் திடுக்கிட்டேன். கம்பளி! அசல் மலைநாட்டுக் கம்பளி, தைக்காதது, தோளிலிருந்து முழங்கால்வரை. இதை முதலிலேயே போர்த்தினால் என்ன? விறைத்து முடித்த பிறகுதான் மரியாதையா? நாளை முதல் தொடக்கத்திலேயே போர்த்துவது என்று செயலரிடம் ஏற்பாடு. அவர், "வழக்கம் கடைசியிலதாங்க ஐயா" என்றார். வழக்கமாம்! என்னிடம் வந்து வழக்கம் பேசுகிறார்.

வீட்டுக்குத் தொலைபேசி. உலகம்மாள் கோயிலுக்குப் போயிருக்கிறாளாம்.

மார்கழி 23, புதன். திருவாதிரை

விடியலில் களி, திருமுழுக்கு, கூத்தப்பெருமான் திருக்காட்சி. வெளியூரில் அமைந்த பேறு.

ஞாயிறு பேசினேன்: அவள் குளிக்கிறாளாம். திங்கள்: தூங்குகிறாளாம். நேற்று: மறுபடி கோயிலாம். இன்று விடவில்லை. "திருவாதிரையும் அதுவுமா களி கிண்டாம எந்தக் கோயிலுக்குப் போயிருக்கா? கூப்பிடுல" என்று கத்தினேன்.

குமரேசன் கடைசியில் சொன்னான்:

"அம்மாவுக்குத் தொண்டை சுத்தமா போயிருச்சுப்பா. நீங்க கிளம்பின அன்னைக்கே. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சைகை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா பாடுவீங்களா?"

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தான். மறுமுனையில் மூச்சு. ஏதோ சொல்ல முயன்றாள். காற்று மட்டும் வந்தது. பின்னால் பேத்தி, "தாத்தா, பாட்டி பூச்ரே, ஷால் ஓட்ரையா நை?" என்றாள். போர்த்திக்கொள்கிறேனா என்று கேட்கிறாளாம் அவள்.

மாலை பாடினேன். கடைசி நாள், பந்தல் நிறைந்திருந்தது. மேல் தொனி மணிபோல் நின்றது என்று செயலர் கைகூப்பினார். அடுத்த ஆண்டும் வர வேண்டுமாம். எழுபத்தொரு வயதில் இப்படியொரு தொண்டையா என்று தலைவர் வியந்தார். அது யார் தொண்டை என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

வெள்ளியன்று ஆக்ரா காட்டி, சனியன்று வண்டி ஏற்றுவது அவர்கள் திட்டம். "நாளைக்கே போறேன்" என்றேன். தட்கலில் சீட்டு வாங்கித் தந்தார்கள், முணுமுணுப்போடு. முணுமுணுக்கட்டும்.

மலைநாட்டுக் கம்பளி மடித்துப் பெட்டியில் மேலாக. அவளுக்கு. பீரோவின் அடித்தட்டுக்கு அன்று.

நாளை வியாழன். தெற்கே சூலம். தெரியும். பெட்டி இந்த அறையிலேயே இருக்கிறது. எந்த அயல்வீட்டுக்கும் போகவில்லை.

ஆடும் பெருமானே, இந்த ஏட்டை என்றேனும் கையில் எடுப்பவர் எவராயினும் அவரும் அவர் வீடும் வாழ்க. பெஜவாடாவில் அந்தத் தாய் தேறுக. எல்லா வீட்டிலும் விடியலில் அடுப்பு எரிக, பால் பொங்குக, குரல்கள் ஒலிக்க. ஒருவர் வாய் விட்ட சொல்லுக்காக இன்னொருவர் குளிரில் வாசலில் உட்காராதிருக்க.